அம்மாவின் இடது பக்கம்

கேள்வி: நான் கொழும்பில் வேலை செய்கிறேன். அம்மாவுக்கு வயது 81. திருகோணமலையில் முப்பது வருஷத்துக்கு மேல் படிப்பித்த ரீச்சர். இரண்டு வருஷத்துக்கு முன் பாரிசவாதம் வந்து இடது பக்கம் பலவீனமாகிவிட்டது. சீனி வருத்தமும் இருக்கிறது. நான் தனிப்பிள்ளை. வேறு வழியில்லாமல் உப்புவெளிப் பக்கம் மாதக் கட்டணம் வாங்கும் ஒரு முதியோர் இல்லத்தில் விட்டிருக்கிறேன். மாதம் ஒரு தடவை இரவு ரயிலில் வந்து பார்ப்பேன். இடம் நல்ல துப்புரவு. அம்மாவும் எப்போதும் பவுடர் பூசிப் பளிச்சென்றுதான் இருக்கிறா. ஆனால் போன தடவை வந்தபோது கொண்டையை வெட்டிக் கட்டைத் தலைமயிர் ஆக்கியிருந்தார்கள். முன்பு தாங்கிப் பிடித்தால் பாத்ரூம் போனவ, இப்போது நாள் முழுக்கப் பம்பர்ஸ். தன் கையால் சாப்பிட்டவவுக்கு இப்போது தீத்தி விடுகிறார்கள். அப்படியும் பாதியை மிச்சம் விடுகிறாவாம். குளிக்க வார்க்கும்போது கத்துறாவாம். இடது குதிக்கால் கறுத்திருந்தது. கேட்டதற்கு, "வயசு போனா அப்பிடித்தான்" என்றார் மேட்ரன். 22 பேருக்குப் பகலில் இரண்டு பெண்பிள்ளைகள்தான். வரும்போது அம்மா கையைப் பிடித்து, "என்னைச் சின்னப்பிள்ளை ஆக்கிட்டாங்க மகன்" என்றா. இது நல்ல பராமரிப்பா, இல்லையா? நான் ஆம்பிளை. அம்மாவின் உடம்பை எப்படிப் பார்ப்பது? முறையிட்டால் கோபத்தை அம்மாவில் காட்டுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்:

தம்பி, நீங்கள் கேட்ட மூன்று கேள்விக்கும் வருகிறேன். அதற்கு முன் நீங்கள் கேட்காமலே எழுதிய ஒரு வரி இருக்கிறதே, இடது குதிக்கால் கறுத்திருந்தது என்று, அதுதான் என்னை முதலில் நிமிர்ந்து உட்கார வைத்தது. அடுத்த மாதம் வரை அதை விடாதீர்கள். இன்றைக்கே மேட்ரனுக்கு அழைத்துச் சொல்லுங்கள்: அம்மா படுத்திருக்கும்போது குதிக்கால் மெத்தையில் படக்கூடாது. கெண்டைக்காலுக்குக் கீழே நீளவாட்டில் ஒரு தலையணை வைத்தால் குதிக்கால் காற்றில் நிற்கும். ஒரு விரல் இடைவெளி போதும். தலையணையைக் குதிக்காலுக்குக் கீழேயே வைத்துவிட்டு "வைத்தோமே" என்பார்கள், அதனால் படம் அனுப்பச் சொல்லுங்கள்.

புத்தகங்களில் படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம் "சிவப்பு" என்றிருக்கும். எங்கள் தோலில் சிவப்பு எங்கே தெரிகிறது? பக்கத்துத் தோலைவிடக் கறுப்பாக, சிலவேளை ஊதாவாக இருக்கும். தொட்டால் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக, இறுக்கமாக, அல்லது பழுத்த பழம்போல் கொழகொழவென்று இருக்கும். வெளிர்ந்த தோலென்றால் விரலால் அழுத்தி விட்டுப் பார்க்கலாம். வெளுத்துத் திரும்பினால் பயமில்லை, வெளுக்காமல் அப்படியே நின்றால் உள்ளே சதை நசிந்து தொடங்கிவிட்டது என்று பொருள். கறுத்த தோலில் அந்தச் சோதனையை மட்டும் நம்ப முடியாது. இரண்டு குதிக்காலையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் பிடித்துப் பாருங்கள், வித்தியாசம் கைக்குத் தெரியும். கறுத்த இடத்தை எண்ணெய் போட்டு உருவ விடாதீர்கள். நசிந்த சதையை உருவினால் இன்னும் நசியும். கொப்புளம், கசிவு, மணம் ஏதாவது ஒன்று இருந்தால், அல்லது தோல் கட்டியாகக் கறுத்திருந்தால், இல்லத்தில் மருந்து கட்டிப் பார்க்கிற கதை வேண்டாம். கிளினிக் கொப்பியோடு நேரே மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். சீனி வருத்தக்காரரின் குதிக்கால் புண் எங்கே போய் முடியும் என்று வார்ட்டில் நின்றவர்களுக்குத் தெரியும்.

இனி உங்கள் முதல் கேள்வி. அந்த இல்லம் கெட்ட இல்லம் என்று உங்கள் கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். அது அவசரப்படுகிற இல்லம். துப்புரவைப் பார்த்து ஏமாந்து போகிறவர்கள்தான் கூட. அழுக்கான இடத்தில் பிழை வாசலிலேயே மணக்கும். பளிச்சென்ற இடத்தில் பிழை மெல்ல மெல்ல, ஒவ்வொன்றாக, "அம்மாவுக்கு ஏலாது, நாங்களே செய்கிறோம்" என்று அன்பாகவே வரும்.

நீங்கள் தனித்தனியாக எழுதிய இரண்டு விஷயங்களை நான் ஒன்றாகப் படித்தேன். சாப்பாட்டில் பாதி மிச்சம். குளிக்கும்போது கத்தல். இரண்டையும் கோபத்துக்கும் வயதுக்கும் கணக்கு எழுதிவிட்டார்கள். எனக்கு இரண்டும் அம்மாவின் இடது பக்கத்திலிருந்து வருகிறது போலத் தெரிகிறது.

இடது பக்கம் பலவீனமானால் அடிபட்டது வலப்பக்க மூளை. அப்படி அடிபட்ட சிலருக்குக் கண் நன்றாக இருந்தும் இடது பக்கத்தில் உள்ளது கவனத்துக்கு வராது. இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள். கோப்பையில் வலது பாதியைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, சோறும் கறியும் இடது பாதியில் அப்படியே கிடக்க, "முடிஞ்சுது" என்பார்கள். பார்க்கிறவருக்கு அது பசியில்லாத மனுஷி. அடுத்த நாள் தீத்தத் தொடங்குவார்கள். நீங்கள் வரும்போது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இருங்கள். அம்மா தானாகச் சாப்பிடட்டும், வலது கை நல்ல கைதானே. பாதியோடு நிறுத்தினால் ஒன்றும் பேசாமல் கோப்பையை அரை வட்டம் திருப்பி வையுங்கள். மிச்சத்தையும் எடுத்துச் சாப்பிட்டால் விடை கிடைத்துவிட்டது. மேட்ரனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வாயால் விளக்குவதைவிடக் கண்ணால் கண்டால் மறக்க மாட்டார்கள். தண்ணீர்ப் போத்தல், மூக்குக் கண்ணாடி, கூப்பிடு மணி எல்லாம் வலது கை எட்டுகிற இடத்தில் இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள்.

மணிக்கூட்டைப் பார்த்துத் தீத்துகிறவர், முந்தின வாய் விழுங்கு முன் அடுத்ததை நீட்டுவார். பாரிசவாதம் வந்தவருக்கு அது புரைக்கேறி நெஞ்சுச் சளியில் கொண்டுபோய் விடலாம். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகும் அரை மணித்தியாலம் சரிக்கக் கூடாது. வாயின் இடது கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தங்குவது அம்மாவுக்கே தெரியாமல் இருக்கும்.

கத்துவதற்கு வருவோம். பாரிசவாதம் வந்த கையின் தோள்மூட்டைப் பிடித்து வைக்கிற தசை தளர்ந்து போயிருக்கும். அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால், அல்லது சட்டை கழற்றும்போது சட்டென்று மேலே உயர்த்தினால், உயிர் போகிற வலி. காலை நாலரைக்கு, அரைத் தூக்கத்தில், கையில் இழுத்து எழுப்பி, கழற்றி, தண்ணீர் ஊற்றினால் ரீச்சரம்மா மட்டுமல்ல, நானும் கத்துவேன். நாலரை என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் 22 பேருக்கு இரண்டு பேர் என்றால் விடியுமுன் தொடங்கினால்தான் காலைச் சாப்பாட்டுக்கு முன் முடியும், அதனால் சொல்கிறேன். கேட்டுப் பாருங்கள்.

உடுப்பில் ஒரு சின்ன ஒழுங்கு இருக்கிறது. கழற்றும்போது நல்ல கை முதலில், போடும்போது பலவீனமான கை முதலில். இவ்வளவுதான். இதைச் செய்தால் இடது கையை உயர்த்தவே தேவையில்லை. தலையால் போடுகிற நைட்டியில் இது சிரமம், முன்னால் திறக்கிற ஹவுஸ்கோட்டில் சுகம். கட்டிலிலிருந்து எழுப்பும்போது கக்கத்துக்குள் கை கொடுத்து இழுக்கக் கூடாது, இடது கையில் பிடிக்கவே கூடாது. இடுப்பில் பிடித்து, அம்மாவின் நல்ல காலை நிலத்தில் ஊன்ற வைத்து, "ஒண்டு, ரெண்டு, மூண்டு" சொல்லி, அம்மாவும் தன் பலத்தைக் கொடுக்கும்படி எழுப்ப வேண்டும். அந்த "மூண்டு" வரை காத்திருக்க நேரமில்லாதபோதுதான் பிழை நடக்கிறது.

அந்த நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? இப்படிப்பட்ட ஒருவரை மரியாதையாகக் குளிப்பாட்டி, காலிடுக்கு, மார்புக்குக் கீழ், கால்விரல் இடுக்கு எல்லாம் ஒற்றித் துடைத்து, உடுத்தி, தலை இழுத்துவிட 20 நிமிஷமாவது வேண்டும். 22 பேருக்கு 440 நிமிஷம். இரண்டு பிள்ளைகள் பங்கிட்டாலும் ஆளுக்கு மூன்று மணித்தியாலம் 40 நிமிஷம், இடையில் ஒருவர் கூப்பிடாமல், ஒருவர் விழாமல் இருந்தால். நடக்காது. அதனால் ஏழெட்டு நிமிஷத்தில் முடிக்கிறார்கள். ஈரம் துடைக்க நேரமில்லாமல் மேலே பவுடரைக் கொட்டுகிறார்கள். நீங்கள் கண்ட "பளிச்" அதுதான். ஈரத்தில் பவுடர் பசைபோல் மடிப்புக்குள் ஒட்டி, கச்சான் காற்றடிக்கிற மாதங்களின் வியர்வையில் வெந்து, கடியும் புண்ணும் ஆகும். பவுடரைக் கண்டால் சந்தேகப்படுகிற குணம் எனக்கு வேலையோடு வந்தது.

அந்தப் பிள்ளைகளைத் திட்டாதீர்கள் என்று சொல்வதற்கு எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. தாதியாக வந்த புதிதில், ஒரு பெரிய வார்ட்டில், டொக்டர் ரவுண்ட்ஸ் வருமுன் முடிக்க வேண்டுமென்று எல்லாருடைய கட்டுப்பல்லையும் ஒரே பேசினில் போட்டுக் கழுவினேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு ஒருவர் நாலு நாளாக வாய் திறக்க மறுத்தார். "பிடிவாதக்காரர்" என்று நாங்களே எழுதியும் வைத்தோம். ஐந்தாம் நாள்தான் தெரிந்தது, கீழ்வரிசைப் பல் பக்கத்துக் கட்டில்காரருடையது. என் அவசரத்துக்கு அந்த மனுஷன் பட்டினி கிடந்தார். உங்கள் அம்மாவுக்கும் கட்டுப்பல் இருந்தால், இரவில் கழற்றித் தண்ணீரில் போடுகிறார்களா, டப்பாவில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆகவே மேட்ரனிடம் "ஆள் கூட்டுங்கோ" என்று மட்டும் கேட்டால் காசு இல்லை என்பார். "தினமும் எல்லாரையும் குளிக்க வார்க்க வேண்டாம், என் அம்மாவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும், மற்ற நாளில் முகம், கக்கம், கீழ்ப்பக்கம் கழுவித் துடைத்துவிட்டால் சரி" என்று கேளுங்கள். எல்லாருக்கும் அப்படிச் செய்தால் ஒரு நாளைக்கு 11 பேர்தான். நேரமும் காலை பத்துக்குப் போகலாம், தண்ணீரும் வெயிலில் இளஞ்சூடாக இருக்கும். மார்கழி வாடையில் சுடவைத்துத்தான் வார்க்க வேண்டும். கலந்த தண்ணீரை வார்ப்பவர் தன் முழங்கையால் பார்க்க வேண்டும், அம்மாவின் காலைக் கேட்டு அல்ல. சீனி வருத்தத்தில் உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு தெரியாது. (கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அம்மா கேட்டாலும் இதே கவனம். ஏழு கிணற்றிலும் சூடு ஒன்றல்ல.)

பம்பர்ஸ். இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. தாங்கிப் பிடித்தால் பாத்ரூம் போனவருக்கு நாள் முழுக்கப் பம்பர்ஸ் கட்டுவது அவருக்காகச் செய்யப்படுவதல்ல. கொஞ்ச நாளில் கால் நடையை மறந்துவிடும், சலம் வருவதைச் சொல்வதும் மெல்ல நின்றுவிடும். பிறகு "பார்த்தீங்களா, சொல்லத் தெரியாது" என்பார்கள். அதோடு பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணீர் கொடுப்பதைக் குறைக்கிற பழக்கமும் பல இடங்களில் வரும். வயதானவர்களுக்குத் தாகமே குறைவு. திருகோணமலை வெயிலில் தண்ணீரும் குறைந்தால் சலத்தில் கிருமி பிடிக்கும். முதியவருக்கு அது காய்ச்சலாக வராமல் திடீர்க் குழப்பமாக, பிதற்றலாக வரலாம். ஒரேநாளில் அம்மாவின் பேச்சு மாறினால் "மறதி கூடிவிட்டது" என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள், சலப் பரிசோதனை கேளுங்கள்.

மாற்று வழி எளிது. எழும்பியதும், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், படுக்குமுன்னும் கூட்டிப்போய் இருத்துவது. காலைப் பிட்டும் தேத்தண்ணியும் உள்ளே போனபின் வயிறு தானாக அசையும், அந்த நேரத்தைத் தவறவிடக்கூடாது. தூரமென்றால் கட்டிலடியில் கொமோட் கதிரை ஒன்று வாங்கிக் கொடுங்கள், மாதாமாதம் பம்பர்ஸுக்குக் கொடுக்கிற காசில் பெரும்பங்கு மிஞ்சும். இரவுக்கு மட்டும் பம்பர்ஸ் இருக்கட்டும், அதில் பிழையில்லை. துடைக்கும்போது முன்னிருந்து பின்னுக்கு.

சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க வைத்தியரும் கூட்டாளிகளும் 1963இல் ஆறு காரியங்களை வைத்து ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள்: குளித்தல், உடுத்தல், மலசலகூடம் போதல், எழும்பி இடம் மாறுதல், சலமலத்தை அடக்குதல், சாப்பிடுதல். முதுமையில் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும், சாப்பிடுதல் கடைசி. குழந்தை பழகுவது இதற்குத் தலைகீழ். உங்கள் அம்மாவிடம் கடைசியாகப் போக வேண்டியதைக் கரண்டியோடு வந்து முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள். "சின்னப்பிள்ளை ஆக்கிட்டாங்க" என்று ரீச்சர் சொன்னது மனவருத்தப் பேச்சு மட்டுமல்ல, சரியான நோய் அவதானிப்பும்கூட.

தலைமயிர் பற்றி நீங்கள் கொஞ்சம் வெட்கப்பட்டு எழுதியதுபோல் இருந்தது, சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேனோ என்று. சின்ன விஷயமில்லை. பேன், தலைப்புண் என்று காரணம் இருந்திருக்கலாம். ஆனாலும் அம்மாவைக் கேட்டிருக்க வேண்டும், அம்மா சொல்ல முடியாத நிலையில் இருந்தால் உங்களுக்கு ஒரு அழைப்பு எடுத்திருக்க வேண்டும். இனிமேல் கேட்காமல் வெட்ட வேண்டாம் என்று பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோவிலுக்குப் போக ஆசைப்பட்டால் அன்றைக்கு மட்டும் சேலை உடுத்திவிடச் சொல்லியும் கேளுங்கள்.

ஆண்பிள்ளை எப்படிப் பார்ப்பது என்கிறீர்கள். குதிக்கால், முழங்கை, காது மடலின் பின்பக்கம், கால்விரல் இடுக்கு, நகம், நாக்கு, வாய் மணம், இவற்றைப் பார்க்க எந்த மகனுக்கும் கூச்சம் தேவையில்லை. கால்விரல் இடுக்கில் ஈரமும் வெள்ளையும் இருந்தால் மற்ற மடிப்புகளிலும் அதுதான் நிலைமை என்று எடுத்துக்கொள்ளலாம். நாரிக்குக் கீழே, இருக்கையெலும்பு, மார்புக்குக் கீழ், இவற்றை ஒரு மச்சாளோ சித்தியோ வந்து குளிக்க வார்க்கிற நேரத்தில் நின்று பார்க்கட்டும். யாருமில்லையென்றால் கிளினிக் போகிற நாளில் அங்குள்ள தாதி மிஸ்ஸியிடம் "முதுகுப் பக்கத்தை ஒருக்காப் பாருங்கோ மிஸ்" என்று கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். மாதம் ஒரு தடவை நிறை எடுத்து எழுதச் சொல்லுங்கள். 50 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ இறங்கினால் அது வயது இல்லை, வைத்தியர் பார்க்க வேண்டிய விஷயம்.

கடைசியாக அந்தப் பயம். அது நியாயமான பயம், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்தவரை, மாதத்தில் ஒரு தடவை வந்து பத்துக் குறையை உரத்துச் சொல்லிவிட்டு ரயிலேறுகிறவருடைய தாய்க்குத்தான் அது நடக்க வாய்ப்பு. அடிக்கடி, நேரம் மாறி மாறி, வெறுமனே தேத்தண்ணி குடிக்க ஒரு உறவுக்காரர் வந்துபோகிற கட்டிலுக்குக் கவனிப்புத் தானாகக் கூடும். பாலையூற்றிலோ உவர்மலையிலோ அம்மாவிடம் படித்த பிள்ளைகள் இல்லாமலா போவார்கள்? இரண்டு பேரைப் பிடியுங்கள்.

குறையை மேட்ரனிடம் தனியே, கதவைச் சாத்தி, இந்தமுறை குதிக்காலும் சாப்பாடும் மட்டும் என்று வைத்துக்கொண்டு பேசுங்கள். பம்பர்ஸ் அடுத்த முறை. சொன்னதை ஒரு தடித்த அட்டைச் சீ.ஆர். கொப்பியில் திகதி போட்டு எழுதி அம்மாவின் கட்டிலடியில் தொங்கவிடுங்கள். முதல் பக்கத்தில் குறை எழுத வேண்டாம். அம்மா யார், என்ன பாடம் படிப்பித்தா, எந்தக் கை நல்ல கை, எந்தத் தோள் நோகும், தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, எப்படிக் கூப்பிட்டால் திரும்புவா, அதை எழுதுங்கள். புதிதாக வருகிற பிள்ளைக்கு அந்தப் பக்கம்தான் பயிற்சி.

இரண்டு தடவை சொல்லியும் அசையவில்லையென்றால் அடுத்த படி இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் சட்டத்தின்படி (2011இல் திருத்தினார்கள்) முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. உப்புவெளி அடங்கிய "பட்டணமும் சூழலும்" பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரையோ சமூக சேவைகள் உத்தியோகத்தரையோ சந்தித்து, கொப்பியின் பிரதியோடு எழுத்தில் கொடுங்கள். மாகாண சமூக சேவைகள் திணைக்களமும் திருகோணமலையில்தான் இருக்கிறது. அடித்த அடையாளமோ கட்டிப்போட்ட தழும்போ கண்டால் இந்தப் படியெல்லாம் வேண்டாம், அன்றைக்கே அம்மாவை வைத்தியரிடம் காட்டிவிட்டுப் பொலிஸ் அவசர இலக்கம் 119.

இந்த முறை வரும்போது கொண்டுவர வேண்டியது: முன்னால் திறக்கிற ஹவுஸ்கோட் இரண்டு, அதிகம் அமுங்காத தலையணை ஒன்று, சீ.ஆர். கொப்பி, அம்மாவின் சொந்தச் சீப்பு. குதிக்காலைப் பக்கத்தில் ஒரு பேனையை வைத்துப் படம் எடுங்கள், அடுத்த முறை எடுக்கும்போது பெரிதானதா சிறுத்ததா என்று தெரியும். கோப்பையைத் திருப்பி வைத்தபோது என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.